இருபத்துமூன்று பெருவிரல்கள்

ஆரணி,
4.6.2025

அனுப்புநர்: கி. மணிமேகலை, அங்கன்வாடிப் பணியாளர், நெசவாளர் தெரு மையம். செயலாளர், வார்டு முன்பருவக் குழந்தைகள் குழு.
பெறுநர்: நூலகர் அவர்கள், கிளை நூலகம்.

மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும் நலம் என்றே நினைக்கிறேன். காலையில் நூலகத்துப் படியை ஒரே மூச்சில் ஏறியதை எங்கள் மையத்து வாசலிலிருந்து பார்த்தேன். முழங்கால் வலி விட்டிருக்கிறது போல.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மையத்தின் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. விடுமுறை என்பதால் யாருக்கும் ஒன்றுமில்லை. பொறியாளர் வந்து பார்த்து, இனி இதில் பிள்ளைகளை உட்காரவைக்கக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார். புதுக் கட்டடம் வர ஒரு வருடமாகும். ஆகஸ்ட் 31-க்குள் நாங்கள் வேறு இடம் காட்டாவிட்டால், என் இருபத்துமூன்று பிள்ளைகளையும் ஆற்காடு சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மையத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

அம்மாக்கள் எட்டு மணிக்குத் தறிக்குழியில் காலை விட்டால் மதியம்தான் எழுந்திருப்பார்கள். லாரி ஓடுகிற சாலையைத் தாண்டி நாளுக்கு நாலு நடை நடக்க எவளுக்கும் நேரமில்லை. பேருக்குத்தான் சேர்ப்பு, பிள்ளைகள் வீட்டில் தறியைச் சுற்றித்தான் கிடக்கும்.

ஆகவே எங்கள் குழு கூடித் தீர்மானம் போட்டிருக்கிறது. தங்கள் நூலகத்தின் குழந்தைகள் பகுதி காலை முதல் மாலை வரை காலியாகவே இருக்கிறது. அதைப் பத்து மணி முதல் மூன்றரை வரை எங்களுக்குத் தரவேண்டும். பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கதை வாசிப்பது, உறுப்பினர் சேர்ப்பது, புத்தகம் கொடுப்பது தாங்கள். இரண்டு பேரும் சேர்ந்து நடத்தலாம். சமையல் எங்கள் பழைய கொட்டகையிலேயே நடக்கும்.

போன் பண்ணியிருக்கலாம். 2021 நவம்பரிலிருந்து நாம் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கி. மணிமேகலை

பி.கு.: இது அலுவல் கடிதம். அண்ணனுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்க இதில் இடமில்லை.


ஆரணி,
12.6.2025

செயலாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தில் தேதி உள்ளது, எண் இல்லை. இனி எண்ணிட்டு அனுப்பவும். நான்காம் தேதி எழுதியது ஒன்பதாம் தேதி கிடைத்தது. தங்கள் மையத்துக்கும் நூலகத்துக்கும் முந்நூறு அடிதான். தபால் வேலூர் போய்த்தான் திரும்பி வருகிறது என்று தபால்காரர் பன்னீர்செல்வம் வருத்தப்பட்டார். அவர் வருத்தத்தைப் பதிவு செய்கிறேன்.

தாங்கள் கேட்டது எளிதில் தரக்கூடியது அல்ல. குழந்தைகள் பகுதியில் 640 நூல்கள் கண்ணாடி அலமாரியில் உள்ளன. நான் இந்தக் கிளையில் பொறுப்பேற்ற பதினோரு ஆண்டுகளில் அவற்றில் ஒன்று காணாமல் போனதில்லை, ஒரு பக்கம் கிழிந்ததில்லை. இருப்புச் சரிபார்ப்புக்கு வந்த அலுவலர் ஒவ்வொருவரும் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள்.

மேலும், வாசகர் வட்டத் தலைவர் திரு. பரசுராமன் திறக்கும்போது வந்து மூடும்போது போகிறவர். நான்கு நாளிதழ்களையும் விளம்பரம் உட்பட வாசிப்பவர். சத்தம் அவருக்கு ஆகாது. மதிய உணவில் முட்டை உண்டென்று அறிகிறேன். முட்டை வாசனை குறித்தும் அவர் கருத்தைக் கேட்க வேண்டும். உறுப்பினர் அல்லாதோர் நூலகத்தில் உட்கார்ந்திருக்க நான் அனுமதிப்பதில்லை என்பதும் தங்களுக்குத் தெரியும்.

மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கிறேன். பதில் வரட்டும்.

ஆ. அபிதகுசாம்பாள்,
நூலகர்

பி.கு.: தங்கள் அண்ணனுக்குச் சாப்பாட்டுக்கு முன் 148. கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.


ஆரணி,
18.6.2025
எண்: 2 (முதல் கடிதத்துக்கு எண் 1 என்று தாங்களே போட்டுக்கொள்ளவும்)

நூலகர் அவர்களுக்கு,

நலம். இங்கே மழை இல்லை, அங்கேயும் இல்லை என்று தெரியும், ஒரே தெருமுனைதானே.

பதினோரு வருடத்தில் ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். யாராவது ஒரு பக்கத்தைத் திருப்பியிருந்தால்தானே கிழிவதற்கு. சாவி உங்கள் இடுப்பில் இருக்கிறது. அலமாரி முன்னால் நின்று கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்த பிள்ளைகள் எனக்குத் தெரியும். அவர்கள் இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறார்கள்.

உறுப்பினர் என்றால் உறுப்பினராகச் சேருங்கள். இருபத்துமூன்று பேர் பெயரும் இத்துடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து ஒன்றும் விட்டுப்போகாமல் சரிபார்க்கவும். பட்டியலில் பெயர் விட்டுப்போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் மகன் அஜித்குமார் கல்யாணப் பத்திரிகையில் போளூர் மாமா பெயர் இருந்தது, மாமாவின் சகலை பெயர் இருந்தது, வீட்டுக்கு வர்ணம் அடித்தவர் பெயர்கூட 'நல்வரவை நாடும்' என்ற இடத்தில் இருந்தது. பிள்ளைக்கு இருக்கிற ஒரே அத்தை பெயர் இல்லை. மண்டபத்தில் ஒவ்வொருத்தியும் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை "நீங்க பையனுக்கு என்ன ஒறவு?" என்று கேட்டாள். பாதிப் பந்தியில் எழுந்து வந்தது அதனால்தான்.

இது அலுவல் கடிதம் என்பது ஞாபகம் வந்துவிட்டது. நிறுத்திக்கொள்கிறேன்.

பிள்ளைகள் இப்போது மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இருக்கிறார்கள். ஆடி பிறந்தால் அங்கே கூழ் அண்டா வைத்துவிடுவார்கள்.

மணிமேகலை


ஆரணி,
2.7.2025

செயலாளர் அவர்களுக்கு,

நலம். நலமே விளைக.

பத்திரிகை விஷயம் அச்சகத்தாரின் பிழை என்பதை அன்றே சொல்லிவிட்டேன். அலுவல் கடிதத்தில் மீண்டும் எழுப்ப வேண்டாம்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. நூலகத்துக்கு வருவோர் எண்ணிக்கை இதனால் கூடுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இருபத்துமூன்று பேர் கூடும் என்று எழுதினேன். இப்போது வருவோர் ஒன்பது பேர், அதில் இருவர் மின்விசிறிக்காக வருகிறவர்கள் என்பதை எழுதவில்லை. ஒரு நாள் சோதனையாக நடத்திப் பார்த்து அறிக்கை அனுப்பச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் 5, செவ்வாய் என்று குறித்திருக்கிறேன். திரு. பரசுராமன், "ஒரு நாள் பாத்துட்டுதான் சொல்லுவேன்" என்கிறார்.

மேசைகள் குழந்தைகளுக்கு உயரம் என்பதால் தச்சரை வரவழைத்து இரண்டு மேசைகளின் கால்களை அரை அடி அறுக்கச் சொன்னேன். அறுத்துவிட்டார். அவை அரசு உடைமை. இதைக் கடிதத்தில் எழுதியது தவறு. இந்தப் பத்தியைப் படித்ததும் கிழித்துவிடவும்.

ஆ. அபிதகுசாம்பாள்

பி.கு.: தங்கள் அண்ணன் ஞாயிறுதோறும் மாலை நடைப்பயிற்சி போய்வருகிறார். போய்வந்தபின் சர்க்கரை கூடுகிறது. நடந்தால் குறையும் என்றுதான் மருத்துவர் சொன்னார்.


ஆரணி,
14.7.2025
எண்: 3

நூலகர் அவர்களுக்கு,

நலம். பத்தியைக் கிழிக்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். மேசைக் காலை அறுத்தவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் என்னிடம் இருப்பது எனக்கு ஒரு தைரியம்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதே இல்லை. வந்தாலும் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் ஒரு அதிரசம்தான், அதுவும் நான் வற்புறுத்தினதால். உட்கார்ந்து, "எனுக்கு ரெண்டு பேரும் வோணும்மா, என்னை நடுவுல இழுத்து பேஜார் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்வார். அதை நான் எண்ணுவதில்லை.

ஆடிக்கு முன்பே கூழ் அண்டா வந்துவிட்டது. பிள்ளைகளைச் சமையல் கொட்டகை ஓரமாக வேப்பமர நிழலில் உட்காரவைத்திருக்கிறேன். எங்கள் உதவியாளர் ராஜம்மாள் ஒரு கையால் சோறு கிண்டி, ஒரு கையால் பிள்ளைகளை அடுப்புப் பக்கம் வராமல் தள்ளிக்கொண்டிருக்கிறாள். மழை வந்தால் அதுவும் இல்லை. ஐந்தாம் தேதிக்குக் காத்திருக்கிறேன். இதை ஒருவரிடமும் சொல்லவில்லை, பயமாக இருக்கிறது.

மணிமேகலை


ஆரணி,
6.8.2025

செயலாளர் அவர்களுக்கு,

நலம். நேற்றைய சோதனை நாள் பற்றிய அறிக்கையின் நகலை இத்துடன் அனுப்புகிறேன். அறிக்கையில் எழுத முடியாதவற்றை இங்கே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு இருபத்துமூன்று பேரும் வரிசையில் வந்தார்கள். சாவியைத் திருப்பி அலமாரியைத் திறந்தேன். இரண்டு புத்தகங்கள் கிழிந்தன. ஒன்றில் யானை, ஒன்றில் ரயில். பதினோரு ஆண்டுச் சாதனை பத்து நிமிடத்தில் போயிற்று. வருத்தப்பட்டேன். பிறகு அந்த யானையை நான்கு பேர் சேர்ந்து ஒட்டவைக்க முயன்றதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் வருத்தம் மறந்துவிட்டது.

தாங்களும் நானும் ஒரே அறையில் இருந்தும் பேசவில்லை. ஜெயம் அவர்களின் மகள் தேவிப்ரியாவிடம் நான், "உங்க டீச்சர்கிட்ட பாயை ஜன்னலாண்ட போடச் சொல்லு" என்றேன். தாங்கள் அதே குழந்தையிடம், "வெயில் அடிக்கும்னு மேடம்கிட்ட சொல்லு" என்றீர்கள். நான்கு வயதுக் குழந்தை இருவரையும் பார்த்து, "ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டது. இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அது பேச்சில் சேராது என்று கருதுகிறேன்.

மதியம் சாப்பிட்டபின் எல்லாரும் உறங்கினார்கள். திரு. பரசுராமனும் உறங்கினார். 'நூலகத்தில் உறங்கக் கூடாது' என்ற பலகைக்குக் கீழே இருபத்துநான்கு பேர். நான் யாரையும் எழுப்பவில்லை. எழுந்ததும் அவர், "முட்டை வாசனை ஒண்ணும் தெரியலியே" என்றார்.

உறுப்பினர் படிவங்கள் நிறைவாகிவிட்டன. மூன்று வயதுக்காரருக்குக் கையெழுத்து ஏது. ஆகவே இருபத்துமூன்று பேரிடமும் பெருவிரல் ரேகை வாங்கினேன். "இங்க வெரல் வெச்சா புக்கு உங்க பேர்ல பதிவாயிடும்" என்று சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவு ஆசையாக யாரும் உறுப்பினராகி நான் பார்த்ததில்லை.

ஒரு சிறு குறை. ஊதா மைப்பெட்டி ஒன்று காணவில்லை. தங்கள் குழந்தைகளிடம் விசாரித்துத் திருப்பி அனுப்பவும்.

ஆ. அபிதகுசாம்பாள்


ஆரணி,
6.8.2025

நூலகர் அவர்களுக்கு,

எண் போட நேரமில்லை. உங்கள் மைப்பெட்டி எங்கே என்று கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். தேவிப்ரியா எடுத்து வந்துவிட்டாள். நூலகத்திலிருந்து அவள் இரவல் வாங்கிய முதல் பொருள் அதுதான்.

விரல் வைத்தால் நம் பேரில் பதிவாகிவிடும் என்று சொல்லி அனுப்பினீர்களாமே. நேற்றுச் சாயந்திரம் முழுக்கத் தெருவில் பதிவு நடந்திருக்கிறது. ஒருத்தி ஃப்ரிட்ஜைப் பதிவு செய்துவிட்டாள். இரண்டு பேர் சேர்ந்து பக்கத்து வீட்டு ஆட்டைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆடு யாருடையது என்று இப்போது இரண்டு பேருக்கும் தகராறு. இன்னொருவன் தன் அப்பாவின் வழுக்கைத் தலையை.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். தேவிப்ரியா அம்மாவின் புடவையைப் பதிவு செய்தாள். ஆவணி முகூர்த்தத்துக்கு ஜெயம் நெய்துகொண்டிருந்த சந்தன நிறக் கல்யாணப் புடவை, தறியில் இருக்கும்போதே. ஏழு இடத்தில் ஊதா விரல்.

ஜெயம் என் வாசலில் நின்று கத்தியது உங்களுக்கே கேட்டிருக்கும். "பட்டு நெய்யற ஊட்ல கை கழுவாம தறிப் பாவு கிட்ட வரக்கூடாதுன்னு நடக்கத் தெரிஞ்ச புள்ளைக்குக்கூடத் தெரியும். இத்தினி வருசமா இந்த ஊர்ல குந்திகினு இருக்கற அந்தம்மாவுக்குத் தெரியாதா? மையில கையை நனைச்சு ஊட்டுக்கு அனுப்பிகினு கீறாங்க." அவள் பின்னால் தெருவே நின்றது.

நான் நேற்றே தேவிப்ரியாவிடம், "மை வேணாம்னு மேடம்கிட்ட சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். அவள் வந்து சொன்னதையும் நீங்கள் கையை அசைத்ததையும் என் கண்ணால் பார்த்தேன்.

இன்றைக்குப் பிள்ளைகளை யாரும் என்னிடம்கூட அனுப்பவில்லை.

மணிமேகலை


ஆரணி,
14.8.2025

செயலாளர் அவர்களுக்கு,

நலம். தங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் எதிரெதிரே கடந்திருக்கின்றன.

நடந்ததற்கு வருந்துகிறேன். ஆயினும் சிலவற்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ரேகை வாங்கியபின் எல்லா விரல்களும் பழைய நாளிதழால் துடைக்கப்பட்டன. மைப்பெட்டி அனுமதியின்றி எடுத்துச் செல்லப்பட்டது. தங்கள் குழுவின் தீர்மானம், நான்காம் பத்தியின்படி குழந்தைகளைக் கவனிக்கும் பொறுப்பு மையத்தைச் சேர்ந்தது. மை வேண்டாம் என்று தாங்கள் சொல்லி அனுப்பியதாகக் கூறும் செய்தி என்னிடம் வந்து சேர்ந்ததாகப் பதிவு இல்லை. எனவே இதில் நூலகத்தின் தவறு ஏதுமில்லை.

முத்திரை மை பட்டில் பட்டால் எலுமிச்சம்பழச் சாறு போட்டால் போகுமா என்று போளூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் என் தம்பியைக் கேட்டேன். போகாது என்றான். மூன்று முறை கேட்டேன்.

ஆ. அபிதகுசாம்பாள்


ஆரணி,
23.8.2025

நூலகர் அவர்களுக்கு,

தீர்மானத்தின் நான்காம் பத்தியை எடுத்துப் படிக்க எனக்குத் தெம்பில்லை.

நிலைமை இதுதான். இடம் தர நீங்கள் தயார். பிள்ளைகளை அனுப்ப ஆளில்லை. இருபத்துமூன்று அம்மாக்களும் சம்மதக் கையெழுத்துப் போட்டு, முப்பதாம் தேதிக்குள் எங்கள் மேற்பார்வையாளரிடம் நான் கொடுக்க வேண்டும். ஒன்றுகூட வாங்க முடியவில்லை. வாசலில் நிற்கவைத்தே பேசி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இது இருபத்தைந்து வருட வேலை. அந்தத் தெருவில் பாதி அம்மாக்களே என்னிடம் ஆடிப்பாடிப் படித்தவர்கள்.

அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அது உங்களிடமிருந்து வராது, காத்திருக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். அனுபவத்தில் சொன்னேன்.

மணிமேகலை


ஆரணி,
30.8.2025

அண்ணி அவர்களுக்கு,

நலம். நீங்கள் நலமா? நேற்றைக்கு வெயிலில் நடந்து வந்ததில் முழங்கால் வீங்கவில்லையே?

நேற்று நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. ஜெயத்திடம் கடைசியாக ஒரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்று நான் போயிருந்தேன். உள்ளே தறிக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் உங்கள் குரல் கேட்டதும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுமுறை, அன்றைக்குக் கட்டிலைவிட்டு இறங்கமாட்டீர்கள் என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவர் தெருக்குழாயில் நின்று, "கை கழுவிகினு உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டீர்கள். ஜெயம் எழுந்து வாசலுக்குப் போனாள். அப்புறம் நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"தப்பு என்னுதும்மா. பட்டு ஊட்டுப் புள்ளைங்கன்னு நான் யோசிக்கல. புள்ளைங்க மேல தப்பில்ல. டீச்சர் அன்னைக்கே மை வேணாம்னு சொல்லி அனுப்பிச்சு, நான்தான் காதுல போட்டுக்கல. அவங்களுக்கு இடம் இல்லாமப் பண்ணிடாதீங்க. என்னை என்ன வோணா கேளுங்க."

தறிச் சத்தம் வரிசையாக நின்றது. வீட்டுக்கு வீடு எழுந்து வந்துவிட்டார்கள். நீங்கள் அவ்வளவு பேர் நடுவில் தலை குனிந்து நின்றதைக் கதவிடுக்கில் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. ஓடிவந்து உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் போல இருந்தது, வெட்கத்தில் வரவில்லை.

ஜெயம், "புள்ளைங்ககிட்ட வாங்கினீங்க இல்ல, நீங்களும் வெரல் வைங்க, இனிமே மை இல்லன்னு" என்றாள். தேவிப்ரியா அரிசி டிரம்மிலிருந்து உங்கள் மைப்பெட்டியை ஜல்தியாக எடுத்துக்கொண்டு வந்தாள். இருபத்தேழு வருட நூலக வேலையில் பச்சை மையிலேயே கையெழுத்துப் போட்டவர், நாலு வயதுப் பிள்ளை பெட்டியைப் பிடிக்க, சம்மதப் படிவத்தின் தலையில் பெருவிரலை வைத்தீர்கள். அவள், "இப்ப நீங்க எங்க பேர்ல பதிவாயிட்டீங்க" என்றாள். அதற்கு நீங்கள் ஏதோ சொன்னீர்கள், எனக்குக் கேட்கவில்லை. உங்கள் தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது. சிரித்தீர்களா?

நீங்கள் போனபின் நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஜெயம் உள்ளே வந்து, "இந்தம்மா வாயிலேர்ந்தா அந்த வார்த்தை வராதுன்னு சொன்னீங்க?" என்று என்னைத்தான் கடிந்துகொண்டாள். கையெழுத்தும் போட்டாள். பொழுது சாய்வதற்குள் இருபத்துமூன்றும் வந்துவிட்டது. இன்று காலை மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். படிவத்தின் தலையில் என்ன ஊதாக் கறை என்று கேட்டார். நூலகத் துறையின் ஒப்புதல் என்று சொல்லிவிட்டேன். புடவையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஜெயம் பிரித்து நெய்ததில் ஒரே ஒரு விரல்தான் மிச்சம், அதுவும் இடுப்பில் செருகுகிற பக்கம். புடவை நெய்யச் சொன்னவர் முணுமுணுத்துக்கொண்டு எடுத்துக்கொண்டார்.

ஒன்று சொல்லவேண்டும். நாலு வருடமாக உங்கள் வாயிலிருந்து அந்த வார்த்தையை எதிர்பார்த்திருந்தேன். நேற்று வேறொருத்திக்குச் சொன்னீர்கள். அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். ராத்திரி சாப்பிடும்போது போதாது என்று பட்டது.

மேகலை


ஆரணி,
4.9.2025

மேகலைக்கு,

நலம். முழங்கால் வீங்கியது. தைலம் தேய்த்ததில் இறங்கிவிட்டது.

அலுவல் முதலில். மாவட்ட அலுவலகத்தின் அனுமதி நேற்று வந்துவிட்டது. 8-ஆம் தேதி திங்கட்கிழமை பத்து மணிக்குக் குழந்தைகளோடு வா. கண்ணாடி அலமாரியின் கதவுகளைக் கழற்றிவிட்டேன். அவற்றைக் கழற்றியதற்கு அனுமதி வாங்கவில்லை. இதையும் நீ பத்திரப்படுத்துவாய் என்று தெரியும்.

இனி எழுதப்போவதை உன் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை.

அச்சகத்தார் பிழை செய்யவில்லை. பத்திரிகையின் மாதிரிப் படி என்னிடம் வந்தது. பெயர்ப் பட்டியலை எழுதிக்கொடுத்ததும் நான்தான், படித்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். வர்ணம் அடித்தவர் பெயரில் எழுத்துப் பிழை இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். உன் பெயர் இல்லாததைக் கவனிக்கவில்லை. வீட்டு ஆளைப் பட்டியல் பார்த்தா நினைவில் வைத்துக்கொள்வோம்? அப்படித்தான் விட்டுப்போயிற்று. அறுநூறு பத்திரிகை அச்சாகி வந்த அன்று மாலையே தெரிந்துவிட்டது. உன் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். இத்தனை ஆயிரம் புத்தகத்துக்குப் பட்டியல் எழுதுகிறவள் தன் நாத்தனார் பெயரை விட்டாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அச்சகத்தான் மேல் போட்டேன். அந்த மனிதர் அன்றிலிருந்து நூலகத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். இன்று காலை அவர் கடைக்கும் போய்வந்தேன்.

தப்பு என்னுது, மேகலை. நீ பாதிப் பந்தியில் எழுந்து போனபோது உன் இலையில் பாயசம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கூப்பிடவில்லை. அதுவும் தப்பு.

அண்ணி

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை அவர் உண்மையில் எத்தனை அதிரசம் சாப்பிடுகிறார்? மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.


ஆரணி,
8.9.2025

அண்ணிக்கு,

நலம். அண்ணன் நாலு சாப்பிடுகிறார். ஐந்து என்றும் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதம் இன்று காலை ஒன்பதரைக்குத்தான் கிடைத்தது. பன்னீர்செல்வம் தெருவில் வழிமறித்துக் கொடுத்தார். இருபத்துமூன்று பேரையும் வரிசையில் நிற்கவைத்துவிட்டு, நடுத்தெருவில் நின்று படித்தேன். இரண்டாம் தடவையும் படித்தேன். ராஜம்மாள், "நேரமாவுது டீச்சர்" என்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

அதனால்தான் வந்து நின்றபோது என் முகம் அப்படி இருந்தது. நீங்கள் வாசலுக்கு வந்து, எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினீர்கள். ஒரு பெயர்கூட விட்டுப்போகவில்லை, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்துமூன்றும் முடிந்தபின் என்னைப் பார்த்து, "நீ ஏன் வெளிய நிக்கற, உள்ள வா மேகலை" என்றீர்கள்.

நான் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பாயை விரிக்கப் போய்விட்டேன். உங்கள் முகம் வாடியதைப் பார்த்தேன். சாயந்திரம் வரைக்கும் தேவிப்ரியா மூலமாகக்கூட நீங்கள் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. கோபம் என்று நினைத்துவிட்டீர்கள். கோபம் இல்லை அண்ணி. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், பிள்ளைகள் முன்னால் டீச்சர் அழக்கூடாது, அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் வேலூர் போய்த் திரும்பி உங்கள் கைக்கு வர நாலைந்து நாளாகும். அதுவரைக்கும் நான் பேசவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் நீங்கள் கூப்பிட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது.

வரேன் அண்ணி.

மேகலை